பாதி டேங்க் பெட்ரோல்

"பெட்ரோல் டேங்குக்கு எதுக்கு மூச்சு?"

"உன் சுரங்கத்துக்கு எதுக்கு விசிறி?"

ஜூலை மாதத்து மாலை ஒன்றில், துர்தகுனின் பட்டறை வாசலில் நடந்த பேச்சு அது. கேட்டவள் ஜனில். திருப்பிக் கேட்டவன் மெக்கானிக் துர்தகுன். இருவருக்கும் நடுவில் ஜனிலின் அண்ணன் சாகின்பெக்கின் பச்சை ஜிகுலி, டிக்கியைத் திறந்துகொண்டு நின்றது. இருபத்துநாலு வயதுக் கார்.

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும்ல? அதுக்குத்தான் இந்தச் சின்னக் குழாய். இது வெடிச்சுப்போச்சு. அதான் டிக்கி பூரா நாத்தம். உங்க அண்ணி சுடுற ரொட்டியைத் தின்னா ஏப்பத்துல தீப்பிடிக்கும்."

"அப்ப அடைச்சிட வேண்டியதுதானே?"

"அடைச்சிடு. ஃபுல் டேங்க் போட்ட வண்டி ஏழாவது கிலோமீட்டர்ல, மில் பாலத்துலயே நின்னுடும். டேங்க் ஒரு பக்கம் உள்ள இழுத்துக்கிட்டு, பம்ப் இன்னொரு பக்கம் இழுத்துக்கிட்டு… நம்ம ஊர்ல சம்பந்தி சண்டை பார்த்திருக்கியே, அது மாதிரி."

ஜனில் சிரித்தாள். பம்பரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த சாகின்பெக்கும் சிரித்தான். அவனோடு போட்டி போட்டு வாடகைக் கார் ஓட்டும் எர்மெக், "நல்ல யோசனைதான், ஒருநாள் அடைச்சுப் பார்க்கிறேன்" என்று கண்ணடித்தான். அண்ணி சைராகுல் மட்டும் விற்கப்போக டிக்கியில் வைத்திருந்த ரொட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சு மூன்று மாதம் கழித்துத் தன் தூக்கத்தைக் கெடுக்கும் என்று ஜனிலுக்கு அன்று தெரியாது.

அக்டோபர் 13, வியாழன். காலை 8.41.

கராஜார் சுரங்கத்தின் கிழக்கு வாயில். ஜனிலுக்கு அங்கே, புகையை வெளியேற்றும் விசிறி அறையில் வேலை. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். உள்ளே போகும் வண்டிகளை எண்ணுவாள். இரண்டரை கிலோமீட்டர் தாண்டி மேற்கு வாயிலில் ஒருவர் வெளியே வருவதை எண்ணுவார். இரண்டு விசிறிகளில் ஒன்று செவ்வாய்க்கிழமையிலிருந்து பழுது.

பச்சை ஜிகுலி வழக்கம்போல் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு உள்ளே போனது. தங்கைக்கு அண்ணன் சொல்லும் வணக்கம் அது. பின்னால் ஒரு நிலக்கரி லாரி.

8.52. தொலைபேசி.

"ஜனில், உன் அண்ணன் வண்டி வரல. பின்னால வந்த லாரியும் வரல."

ஓடுகிற ஒற்றை விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். துண்டை வாளியில் முக்கி முகத்தில் கட்டினாள். கைவிளக்கோடு உள்ளே ஓடினாள்.

நானூறு மீட்டருக்கு அப்பால் காற்று மாறியது. விளக்கின் ஒளி ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. எங்கோ ஒரு பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் தன் காலடியைத் தானே கேட்டுப் பயந்தாள்.

முதலில் தெரிந்தது லாரி. அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து, பாதி மயக்கத்தில், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். அதற்கு முன்னால் ஜிகுலி. திறந்த பானெட்டின் மேல், கழுவிப் போட்ட சட்டை மாதிரி, சாகின்பெக் கிடந்தான். கையில் ஈரத்துணி.

"அண்ணே! அண்ணே!"

உலுக்கியும் அவன் எழவில்லை.

லாரியின் எஞ்சினை அணைத்தாள். டிரைவரைக் கன்னத்தில் அறைந்து எழுப்பினாள். இருவருமாக அண்ணனை இழுத்தார்கள். நானூறு மீட்டர். இப்போதும் கனவில் அந்தத் தூரம் முடிவதில்லை.

வெளிச்சம் வந்ததும் சாகின்பெக் இருமினான். அந்த இருமலுக்கு ஜனில் மண்டியிட்டு அழுதாள்.

பகல் 12.30. சாரிபுலாக் கிராமம். சாகின்பெக்கின் வீடு.

மருத்துவ உதவியாளர் ஊசி போட்டுவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம் தாமதமாயிருந்தா நான் இங்க வந்திருக்க வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாகின்பெக் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"பம்ப் சூடாயிருக்கும்னு ஈரத்துணி போட்டேன். ரெண்டு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகமில்ல."

"இதுக்கு முன்னாடி நின்னிருக்கா அண்ணே?"

"இந்த மாசம் ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் மில் பாலத்துல. திரும்பி வந்து துர்தகுன்கிட்ட காட்டினா ஒரு குறையும் இல்லங்கிறான். பம்பை மாத்தினான், கார்புரேட்டரைக் கழுவினான். அன்னிக்கே நல்லா ஓடும்."

மில் பாலம்.

ஜூலையில் துர்தகுன் சொன்ன அதே இடம் என்று ஜனிலுக்கு உறைத்தது. ஏழாவது கிலோமீட்டர்.

"நாளைக்கு ஓட்டாதே அண்ணே. யார் செஞ்சாங்கன்னு தெரியற வரைக்கும்."

"யாரு என்ன செஞ்சாங்க? பழைய வண்டி, நின்னுச்சு. அணைக்கட்டுக் குடியிருப்புல முப்பது வீடு நம்ம ரொட்டிக்குக் காத்திருக்கும். நாளைக்குக் காலைல ஏழு அம்பதுக்கு நான் கிளம்பறேன்."

அடுப்படியில் ஒரு கிண்ணம் விழுந்து உடைந்தது.

"கை நழுவிடுச்சு" என்றாள் சைராகுல். அவள் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. சென்ற வசந்தத்தில் அவள் தம்பி பாகஸ், அணைக்கட்டுக்குப் போகும் அதே வழியில், பள்ளத்தாக்கில் பாறை சரிந்து செத்துப்போனவன். மழை வருகிறது, போகாதே என்று அவன் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள் என்றும், அந்தச் சொல்தான் வழியை மறித்தது என்றும் ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

பகல் 1.15. துர்தகுனின் பட்டறை.

ஜிகுலியை எர்மெக் கட்டி இழுத்து வந்திருந்தான். நான்கு பேர் சுற்றி நின்றார்கள்: துர்தகுன், எர்மெக், ஜனில், டிக்கியில் கிடந்த ரொட்டிகளை எடுத்துப்போக வந்த சைராகுல்.

துர்தகுன் பெட்ரோல் மூடியைத் திருகினான்.

புஸ்ஸ்ஸ்.

நீளமான, தாகம் கொண்ட ஓசை. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. டேங்கின் தகடு 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது.

"அடப்பாவி" என்றான் துர்தகுன் மெதுவாக.

டிக்கியின் பக்கத்து அட்டையைப் பிரித்து மூச்சுக்குழாயைக் கழற்றினான். ஊதிப் பார்த்தான். போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். விரல் நுனி அளவுக்குக் கறுத்த உருண்டை ஒன்று எண்ணெய் மினுக்கத்தோடு தரையில் விழுந்து உருண்டது.

"ரப்பரா?" என்றான் துர்தகுன். அது அவன் காலடிக்குப் போனது, நகரும்போது மிதித்தான்.

"தார் உருண்டை மாதிரி இருக்கு" என்ற எர்மெக் அதை ஷூ நுனியால் இந்தப் பக்கம் தள்ளினான்.

சைராகுல் குனிந்து எடுத்தாள். சரிந்த தலைத்துணியை ஒதுக்குபவள்போல் அந்தக் கை நெற்றியைத் தொட்டது. உருண்டையை உயரமாக ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"தொலைஞ்சிடப் போகுது. போலீஸ் கேட்பாங்க" என்று சொல்லிவிட்டு ரொட்டிகளைத் துணியில் அடுக்கத் தொடங்கினாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றாங்களாம்" என்றான் எர்மெக். "முதல்ல உன்னைத்தான் கேட்பாங்க துர்தகுன். இந்தக் குழாயில கை வெச்சவன் நீ ஒருத்தன்தான்."

"ஜூலைல இதைப் பத்தி நான் சொன்னதைக் கேட்டவங்க நாலு பேரு. அதுல நீயும் ஒருத்தன். ஒருநாள் அடைச்சுப் பார்க்கிறேன்னு சொன்னது யாரு?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்யா!"

"நானும் விளையாட்டாத்தான் கேட்கிறேன். ஏன் வேர்க்குது உனக்கு?"

பகல் 2.00. எர்மெக் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். ஜனில் அவனிடம் போனாள்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க அண்ணே?"

"உங்க வீட்டுலதான். ஆறு மணிக்கு. உங்க அண்ணன்கிட்ட பெட்ரோல் வாங்கினேன். பங்க்ல தீர்ந்துபோச்சு, எனக்கு மாமனார் வீட்டுக்குப் போகணும். இருபது லிட்டர் குழாய் வெச்சு உறிஞ்சிக் கொடுத்தான். நல்ல மனுஷன்."

"இருபது லிட்டரா? அப்ப டேங்க்ல?"

"பாதி இருந்திருக்கும். அவன் எப்பவும் சாயங்காலமே ஃபுல் பண்ணி வெச்சிடுவான்ல. நேத்து திரும்ப நிரப்ப வழியில்ல."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவங்க பால் கறக்கப் போயிருந்தாங்க. ஏம்மா, என்னைச் சந்தேகப்படறியா? ஸ்டாண்டுல முதல் வரிசைக்குச் சண்டை போடுவேன், வாஸ்தவம். அதுக்காக ஒருத்தனைப் புகையில வெச்சுக் கொல்லுவேனா?"

சிகரெட்டைப் பாதியிலேயே கீழே போட்டு மிதித்தான். அவனும் பயந்திருந்தான்.

பகல் 2.20. பட்டறைக்குள் துர்தகுனும் ஜனிலும் தனியாக.

"கேட்கிறதை நேரா கேளு" என்றான் அவன். "செப்டம்பர்ல உன்னைப் பெண் கேட்டு வந்தேன். முதல்ல கையில இருக்கிற கிரீஸைக் கழுவிட்டு வான்னு உங்க அண்ணன் சிரிச்சாரு. அந்தக் கோபத்துல செஞ்சியாடான்னு கேளு."

"செஞ்சியா?"

"இல்ல."

அவன் கண்களை அவள் பார்த்தாள். நம்பினாள். நம்புவதற்கும் பயமாக இருந்தது. அவனை விட்டால், எர்மெக்கை விட்டால், மிச்சம் யார்?

"ஒரு கணக்குச் சொல்லு. ரெண்டு தடவை ஏழாவது கிலோமீட்டர்ல நின்ன வண்டி, இன்னிக்கு நாப்பத்துமூணாவது கிலோமீட்டர் வரைக்கும் எப்படிப் போச்சு? அடைப்பு ஒண்ணுதானே?"

துர்தகுன் கண்ணாடி பாட்டில் ஒன்றில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினான்.

"வாயை இறுக்க வெச்சுக் கவுத்துக் குடி. இடுக்குல காத்து போகக்கூடாது."

ஜனில் குடித்தாள். ஒரு வாய். அதற்குமேல் தண்ணீர் வரவில்லை. பாட்டில் அவள் நாக்கை உள்ளே இழுத்தது.

அவன் பாதியைக் கொட்டிவிட்டுக் கொடுத்தான். "இப்ப."

இப்போது ஒரு வாய் வந்தது, இன்னொன்று வந்தது, இன்னும் வந்தது.

"மேல காத்து நிறைய இருந்தா, அது விரிஞ்சு விரிஞ்சு இடம் கொடுக்கும்" என்றான். "ஃபுல் டேங்க்ல காத்தே இல்ல. அதான் உடனே நின்னுடும். பாதி டேங்கா இருந்தா ரொம்ப தூரம் போய்த்தான் நிக்கும்."

ஜனில் பாட்டிலைக் கீழே வைத்தாள். சத்தமாக யோசித்தாள்.

"அப்ப அடைச்சவங்களுக்குச் சுரங்கம் வேண்டியதில்ல. அவங்க நினைச்சது மில் பாலம். வீட்டுப் பக்கத்துல, ஆபத்தில்லாத இடம். ரெண்டு தடவை அப்படித்தான் நடந்துச்சு. நேத்து இருபது லிட்டர் போனது அவங்களுக்குத் தெரியாது."

"கொல்ல நினைக்கலங்கிறியா?"

"போகவிடாம பண்ண நினைச்சிருக்காங்க. அவ்வளவுதான்." அவள் குரல் இறங்கியது. "ஆனா அவங்களுக்கு அது தெரியாமலே அண்ணனைக் கொன்னுருப்பாங்க. நாளைக்கும் செய்வாங்க, துர்தகுன். ஏழு அம்பதுக்கு."

அவள் ஜன்னலுக்குப் போனாள். விளிம்பில் இருந்த உருண்டையை எடுத்து நகத்தால் பிளந்தாள்.

வெளியே கறுப்பு. உள்ளே வெள்ளை. இன்னும் மென்மை. முகர்ந்தாள். பெட்ரோலுக்கு அடியில் லேசான புளிப்பு.

அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"என்ன அது?" என்றான் துர்தகுன்.

"அதை மிதிச்சியே நீ."

"மிதிச்சா என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ மிதிச்சதுக்கு நன்றி."

மாலை 4.20. சாகின்பெக்கின் வீடு.

சாகின்பெக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சைராகுல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கெண்டியின் மூக்கு சற்றுச் சாய்ந்து சாப்பாட்டு விரிப்பில் தேநீர் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை. ஜனில் கைக்குட்டையை விரித்து, பிளந்த உருண்டையை விரிப்பின் நடுவில் வைத்தாள்.

"இதான் உன் டேங்கோட மூச்சை அடைச்சது அண்ணே. பார்த்தா என்னன்னு தெரியுதா?"

"தாரா?"

"எர்மெக் அண்ணனும் அப்படித்தான் நினைச்சாரு, ஷூவால தள்ளினாரு. துர்தகுன் ரப்பர்னு நினைச்சான், மிதிச்சான். நானும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். அந்தப் பட்டறைல ஒருத்தர் மட்டும் அதைக் குனிஞ்சு எடுத்தாங்க. நெத்தியில தொட்டாங்க. கால் படாத உயரத்துல வெச்சாங்க."

சைராகுலின் கை தேநீர்க் கெண்டியோடு அந்தரத்தில் நின்றது.

"கீழ விழுந்த ரொட்டியை நாம என்ன பண்ணுவோம் அண்ணே? குழந்தை கூட எடுத்து நெத்தியில வெச்சு மேல வைக்கும். மாவா இருந்தாலும் அதே மரியாதைதான். இந்த ஊர்ல மாவுன்னு தெரிஞ்சு யாரும் மிதிக்கமாட்டாங்க. திருடன் கூட. ஆனா இது எண்ணெயில ஊறிக் கறுத்துக் கிடந்துச்சு. இது மாவுன்னு பார்த்தவங்க யாருக்கும் தெரியாது. வெச்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஜனில் உருண்டையின் வெள்ளைப் பக்கத்தை விரலால் அழுத்திக் காட்டினாள்.

"உள்ள இன்னும் காயல. இன்னிக்கு விடியக்காலைல பிசைஞ்சது. விடியக்காலைல டிக்கியில ரொட்டி அடுக்கினது ஒருத்தர்தான்." ஜனில் திரும்பினாள். அழாமல் பேசுவது கஷ்டமாக இருந்தது. "ஏன் அண்ணி?"

சாகின்பெக் மனைவியைப் பார்த்தான். "சைராகுல்?"

கெண்டி தரையில் இறங்கியது.

"மில் பாலத்துல நிக்கும்னு நினைச்சேன்" என்றாள் சைராகுல். "சத்தியமா. ரேடியோல பள்ளத்தாக்குல மழைன்னு சொன்ன நாள்ல மட்டும்தான் செஞ்சேன். வண்டி திரும்பி வந்ததும் எடுத்துடுவேன். அன்னிக்கு ஒருநாள் நீங்க வீட்டுல இருப்பீங்க. டேங்க் எப்பவும் போல ரொம்பியிருக்குன்னுதான்… இருபது லிட்டர் கொடுத்ததை நீங்க சொல்லலையே…"

"நான் செத்திருப்பேன்."

"தெரியும்."

"இதை வாயால சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள் ஜனில். "ஒரு வார்த்தை."

சைராகுல் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வெறும் பயம். மாதக்கணக்கில் காய்ந்த பயம்.

"எங்கம்மா சொன்னாங்க. பாகஸ் படி இறங்கும்போது, போகாதேப்பான்னு கூப்பிட்டாங்க. அவன் சிரிச்சுட்டுப் போனான். சாயங்காலம் பாறைக்கு அடியில இருந்து எடுத்தோம். இன்னிக்கு வரைக்கும் எங்கம்மா யார்கிட்டயும் பேசறதில்ல, தெரியுமா உனக்கு? தன் வார்த்தைதான் பிள்ளையைக் கொன்னுச்சுன்னு நினைக்கிறாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்லுவேன்? தினமும் காலைல வாசல்ல நின்னு 'வழி வெள்ளையாகட்டும்'னு வாழ்த்தி அனுப்பறேன். தினமும் உள்ளுக்குள்ள வேற ஒண்ணு கத்துது. அதை முழுங்கி முழுங்கி…"

அவள் நிறுத்திவிட்டாள். கைகள் விரிப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தன.

வெளியே ஹாரன். இரண்டு முறை. துர்தகுன் ஜிகுலியைக் கொண்டுவந்துவிட்டான். குழாய் திறந்துவிட்டது, எஞ்சின் ஒரு தும்மல் கூட இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தம்தான் இப்போது அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது.

சாகின்பெக் எழுந்தான். தள்ளாடினான். ஜனில் பிடிக்க வந்த கையை விலக்கினான். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவன் வண்டியிடம் போவான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"டேங்கை நிரப்பிட்டு வர்றேன்" என்றான் யாரையும் பார்க்காமல். "முப்பது வீடு. ஏழு அம்பதுக்குக் கிளம்பணும்."

வாசற்படியில் நின்று பூட்ஸுக்குள் காலை நுழைத்தான். கை தாழ்ப்பாளுக்குப் போனது.

பின்னால் சைராகுல் எழுந்து நின்றாள். பழக்கத்தில் உதடு பிரிந்தது.

"வழி…"

ஜனில் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

சைராகுல் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. விரிப்பைத் தாண்டி, சிந்திய தேநீரை மிதித்துக்கொண்டு வந்தாள். கணவனின் முதுகுக்கு நேர் பின்னால், எந்த வீட்டுப் பெண்ணும் நின்று பேசக்கூடாத அந்த இடத்தில், நின்றாள்.

"போகாதீங்க" என்றாள். "அந்தப் பள்ளத்தாக்கு வழியா இனி போகவே போகாதீங்க."